டோரிஸ் லெஸ்ஸிங்: மண்வீட்டுக்கு வந்த பழுப்புக் காகிதப் பார்சல்கள்

கார்த்திகைப்பூ:

இரண்டு மாதமாக டோரிஸ் லெஸ்ஸிங்கைத் தவிர வேறு யாரையும் படிக்கவில்லை. 2007-இல் நோபல் வாங்கியவர், 'கோல்டன் நோட்புக்' எழுதியவர், பெண்ணியவாதிகள் கொண்டாடுகிறவர். நம் ஆட்களிடம் அவர் பேச்சு வந்தால் இத்தோடு முடிந்துவிடுகிறது. எனக்கு அவர் வளர்ந்த வீட்டைப் பற்றிப் பேச வேண்டும். அறுபது வருட எழுத்துக்கும் வித்து அங்கேதான் விழுந்தது என்று நினைக்கிறேன்.

பிறந்தது 1919 அக்டோபர் 22, பாரசீகத்தில் கெர்மான்ஷா என்ற ஊரில். அப்பா ஆல்ஃபிரட் டெய்லர் அங்கே ஆங்கிலேயர் நடத்திய இம்பீரியல் வங்கியில் வேலை பார்த்தார். முதல் உலகப் போரில் ஒரு காலை இழந்தவர். அம்மா எமிலி மாட், லண்டன் ராயல் ஃப்ரீ ஆஸ்பத்திரியில் நர்ஸ். கால் போய்ப் படுத்திருந்தவரைப் பார்த்துக்கொண்டவர். அம்மா காதலித்த டாக்டர் கடலில் மூழ்கி இறந்துபோயிருந்தார். போரில் அடிபட்ட இரண்டு பேர் கல்யாணம் செய்துகொண்டார்கள், அவ்வளவுதான்.

1924-இல் விடுமுறைக்கு இங்கிலாந்து வந்தபோது வெம்ப்ளியில் பிரிட்டிஷ் பேரரசுப் பொருட்காட்சி. தெற்கு ரொடீஷியாவுக்கும் அதில் ஓர் இடம் ஒதுக்கியிருந்தார்கள். மக்காச்சோளம் போடுங்கள், ஐந்தே வருடத்தில் பணக்காரர் ஆகலாம் என்று அங்கே ஆசை காட்டினார்கள். மரக்கால் வைத்துக்கொண்டு நடந்த அந்த வங்கி ஊழியர் அதை நம்பி, ஆயிரம் ஏக்கருக்கு மேல் காடு வாங்கினார். அந்தத் தெற்கு ரொடீஷியாவில், இன்றைய ஜிம்பாப்வேயில், பேங்கட் என்ற சின்ன ஊருக்குப் பக்கம். அந்தக் காட்டுக்கு அம்மா கட்டி எடுத்துப் போன சாமான்களைக் கேளுங்கள்: பியானோ, பாரசீகக் கம்பளங்கள், விருந்துக்கு உடுத்தும் கவுன்கள்.

வீடு ஒரு குன்றின் மேல். கம்பு நட்டு, மண் அப்பி, புல் வேய்ந்தது. நாலு அறை, ஒன்றை அடுத்து ஒன்றாக. தரைக்குக் கரையான் புற்றை இடித்து, சாணமும் சேர்த்துக் குழைத்துப் போட்டு மெழுகினார்கள். பெட்ரோல் டின் அடைத்து வந்த மரப்பெட்டிகள்தான் அலமாரியும் மேசையும். மாவுச் சாக்கைச் சாயத்தில் முக்கித் திரைச்சீலை. இந்தச் சாமான்களுக்கு நடுவில் அந்தப் பியானோ. கொஞ்ச காலத்துக்கு என்று கட்டிய வீடு. பண்ணையை விட்டுப் போகிறவரை அதிலேயேதான் இருந்தார்கள்.

அந்த வீட்டுக்குத் தபாலில் லண்டனிலிருந்து புத்தகம் வரும். பிள்ளைகளுக்காக அம்மா வரவழைப்பார். பழுப்புக் காகிதம் சுற்றிய பெரிய பெரிய பார்சல்கள். தன் சின்ன வயசுச் சந்தோஷமே அந்தப் பார்சல்கள்தான் என்று நோபல் உரையில் சொல்கிறார். மண்வீடு, ஆனால் வீடு நிறையப் புத்தகம். டிக்கன்ஸ், ஸ்டீவன்சன், கிப்ளிங், பிறகு வளர்ந்ததும் டால்ஸ்டாய், தஸ்தயேவ்ஸ்கி.

எனக்கு ஒரு கேள்வி நாளாகக் குடைகிறது. அந்தப் பார்சல்கள் அவருக்குக் கண்ணைத் திறந்தனவா, மறைத்தனவா? காலடியில் ஆப்பிரிக்க மண், கண்முன்னால் இங்கிலாந்து ஓக் மரம். இதிலிருந்து எப்படி ஒருவர் எழுத்தாளர் ஆனார்?

பழைய வாசகர்:

நல்ல இழை. கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்தியவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். நீங்கள் விட்டுவிட்ட ஒரு பெயர் ஆலிவ் ஷ்ரைனர். தென்னாப்பிரிக்காவில் பிறந்து வளர்ந்தவர். 1883-இல் ஆண் பெயரில் 'ஓர் ஆப்பிரிக்கப் பண்ணையின் கதை' என்ற நாவலை வெளியிட்டார். லெஸ்ஸிங் அதைப் படித்தபோது வயது பதினான்கு சொச்சம். பள்ளிப் படிப்பை நிறுத்திவிட்டு வீட்டில் இருந்த சமயம்.

அந்த வயதில் ஒரு பெண் அதுவரை படித்ததெல்லாம் வெள்ளைப் பனியும், பசும்புல் மேடும், தேவாலய மணியும். திடீரென்று ஒரு புத்தகத்தில் தன் வீட்டு வாசலில் இருக்கும் சூடும் தூசியும் வருகிறது. 'நம் ஊரையும் எழுதலாம்' என்று அப்போதுதான் தெரிகிறது. தால்ஸ்தோயிடம் அவர் கற்றது நாவலின் விரிவு. ஷ்ரைனரிடம் கிடைத்தது அனுமதி. இரண்டும் வேறு வேறு. பிற்காலத்தில் அந்த நாவலுக்கு லெஸ்ஸிங்கே ஒரு பின்னுரை எழுதினார், மிகுந்த நன்றியோடு.

ஆக, கண்ணை மறைத்ததும் பார்சல்தான், திறந்ததும் புத்தகம்தான் என்பேன்.

தெற்குக்காற்று:

நான் இலக்கியம் படிச்சவன் இல்லை. வேலை விஷயமா மூணு வருஷம் ஜிம்பாப்வே தலைநகர் ஹராரேல இருந்தேன். அதனால அந்த ஊரைப் பத்தி மட்டும் சொல்றேன்.

ஹராரேலேர்ந்து சின்ஹோயி போற ரோட்டுல பேங்கட் வரும். நூறு கிலோமீட்டர்கூட இல்லை. மண்ணு செக்கச்செவேல்னு இருக்கும். மழை பேஞ்சா ஷூவுல ஒட்டினது காஞ்சாலும் போகாது, வெள்ளைச் சட்டையில பட்டா சட்டையே போச்சு. ம்சாசா மரம்னு ஒண்ணு அங்க காடு பூரா நிக்கும். நம்ம ஊர்ல தளிர்னா பச்சை. இந்த மரம் மழைக்கு முன்னாடி துளிர்க்கும்போது செம்பு நிறத்துல, ரத்தச் சிவப்புல துளிர்க்கும். தூரத்துலேர்ந்து பாத்தா மலையே பத்தி எரியிற மாதிரி இருக்கும். அப்புறம்தான் பச்சைக்கு மாறும். முதல் வருஷம் பாத்துட்டு மரம் காயுதுன்னு நினைச்சேன். ஆபீஸ்ல கூட இருந்தவர், இல்லப்பா இதுதான் எங்க வசந்தம்னார்.

லெஸ்ஸிங் பேரையே அங்க இருந்தப்பதான் கேள்விப்பட்டேன். அவங்க இறந்த பிறகு அவங்க புத்தகங்கள் மூவாயிரத்துக்கும் மேல ஹராரே நகர நூலகத்துக்குப் போச்சு. லண்டன்லேர்ந்து அந்த மண்ணுக்கே திரும்பிப் போயிருக்கு. இந்தப் பார்சல் கதையைப் படிச்சதும் அதுதான் ஞாபகம் வந்துச்சு.

ராகவி:

எல்லாரும் புத்தகம், மரம்னு பேசிட்டிருக்கீங்க. எனக்கு அவங்களைப் பத்தி நினைச்சாலே நெஞ்சுல ஒரு முள்ளு இருக்கு. கேட்டுடறேன்.

1939-ல ஃப்ராங்க் விஸ்டம்னு ஒருத்தரைக் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. ரெண்டு குழந்தை, ஒரு பையன், ஒரு பொண்ணு. 1943-ல அந்த ரெண்டையும் விட்டுட்டு வெளிய வந்துட்டாங்க. அப்புறம் காட்ஃப்ரீட் லெஸ்ஸிங்ங்கிற ஜெர்மன் கம்யூனிஸ்டோட கல்யாணம், பீட்டர்னு ஒரு மகன், விவாகரத்து. 1949-ல லண்டனுக்குக் கப்பல் ஏறும்போது கூட்டிட்டுப் போனது பீட்டரை மட்டும்.

போறதுக்கு முன்னாடி அந்தச் சின்னக் குழந்தைங்ககிட்ட, நான் இந்த அசிங்கமான உலகத்தை மாத்தப் போறேன், நீங்க இனவெறி இல்லாத உலகத்துல வாழ்வீங்கன்னு சொன்னதா அவங்களே சுயசரிதையில எழுதியிருக்காங்க. எனக்கு ரெண்டு பிள்ளைங்க. அந்தப் பக்கத்தைப் படிச்சிட்டு மூடி வெச்சவ நாலு நாள் தொடலை. உலகத்தை மாத்தறதுக்கு முதல்ல தூக்கிப் போட வேண்டியது குழந்தைங்களையா?

திட்டறதுக்காகக் கேக்கலை. நிஜமா புரிஞ்சுக்கணும்னு கேக்கறேன்.

பழைய வாசகர்:

ராகவி அம்மா, உங்கள் கேள்வி நியாயமானது. வகுப்பிலும் ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு மாணவி எழுந்து இதைத்தான் கேட்பாள். நான் நியாயப்படுத்தியதில்லை. அவர் அம்மாவைப் பற்றி எழுதியதோடு சேர்த்துப் படிக்கச் சொல்வேன். அங்கேயே இருந்திருந்தால் தன் அம்மாவைப் போல ஆகியிருப்பேன் என்பது அவருடைய வாதம். அந்த அம்மா யார் என்று தெரிந்தால்தான் அந்தப் பயம் எவ்வளவு பெரியது என்று புரியும்.

கார்த்திகைப்பூ:

ராகவி, நீங்கள் கேட்டதை நானும் ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. ஐயா சொன்ன அம்மாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக.

எமிலி கெட்டிக்காரி. நர்ஸ் வேலையில் மளமளவென்று மேலே வந்தவர். பியானோ அற்புதமாக வாசிப்பார். அப்படிப்பட்டவர் காட்டு நடுவில் வந்து இறங்கினார். பேச்சுத்துணைக்கு யாரும் இல்லை, வாசிக்கக் கேட்க யாரும் இல்லை. வந்த கொஞ்ச நாளில் இதயம் பலவீனம் என்று படுத்துவிட்டார். பிள்ளைகளைக் கட்டிலுக்குக் கூப்பிட்டு, 'பாவம் அம்மா, உடம்பு முடியாத அம்மா' என்று தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வாராம். பிறகு ஒருநாள் எழுந்து, கூந்தலை வெட்டிக்கொண்டு, இனி இதுதான் நம் வாழ்க்கை என்று வேலையில் இறங்கினார். வேலை என்றால் பிள்ளைகளை வளர்ப்பது. வாழாமல் போன அவருடைய வாழ்க்கை முழுவதும் மகள் தலையில் இறங்கியது. மகள் ஒவ்வொரு நாளும் சண்டை போட்டாள். பதினான்கு வயதுக்குள் பள்ளியை விட்டதும், பதினைந்தில் பிள்ளை பார்க்கும் வேலைக்கு வீட்டை விட்டுப் போனதும், சாலிஸ்பரியில் (இன்றைய ஹராரே) டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் சேர்ந்ததும் எல்லாம் அந்தச் சண்டையின் தொடர்ச்சிதான்.

ஆனாலும் ஒன்று சொல்லியாக வேண்டும். அந்தப் பார்சல்களை வரவழைத்தது அதே அம்மா. மகளுக்கு எதிர்த்துப் பேசச் சொல் கொடுத்ததும் அவர்தான். லெஸ்ஸிங் இதை ஒப்புக்கொள்ள எண்பது வயது தாண்ட வேண்டியிருந்தது.

இதனால் அந்த இரண்டு குழந்தைகளுக்கு நடந்தது சரியாகிவிடாது. அது சரியாகவில்லை என்று நானும் நினைக்கிறேன்.

அப்பா விஷயம் வேறு மாதிரி. 1917-இல் பாஷண்டேல் சண்டைக்குக் கொஞ்ச நாள் முன்னால் ஷெல் துண்டு காலில் பாய்ந்து ஆஸ்பத்திரிக்குப் போனதால் பிழைத்தார். அவருடைய கம்பெனி ஆட்கள் எல்லோரும் அந்தச் சண்டையில் செத்தார்கள். வராந்தாவில் உட்கார்ந்து அதையேதான் பேசுவார். மகள் கேட்பாள், கேட்கப் பிடிக்காமல் காட்டுக்குள் ஓடுவாள். மரக்காலோடு சுரங்கக் குழிக்குள் இறங்குவார். மக்காச்சோளம் கைகொடுக்காதபோது, நம் ஊரில் கிணறு வெட்ட நீரோட்டம் பார்க்கிற மாதிரி, கோலைப் பிடித்துக்கொண்டு தங்கம் எங்கே ஓடுகிறது என்று வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டு திரிந்தார். கடைசிவரை கிடைக்கவில்லை. நீரிழிவு வந்து 1947-இல் இறந்தார்.

பதுங்குகுழியில் அப்பாவுக்கு வந்த ஆத்திரம் சின்ன வயதிலேயே தனக்குள் புகுந்துகொண்டது என்று லெஸ்ஸிங் எழுதுகிறார். இலக்கியச் செல்வாக்கு என்று நாம் பட்டியல் போடும்போது ஷ்ரைனர், டால்ஸ்டாய் என்று போடுகிறோம். எனக்கு அந்த மரக்கால்தான் முதலில் நிற்கிறது.

இளவேனில்:

எனக்கு வேறொரு சங்கடம். முதல் நாவல் 'த கிராஸ் இஸ் சிங்கிங்' (புல் பாடுகிறது), 1950. எல்லோரும் அதை நிறவெறிக்கு எதிரான நாவல் என்கிறார்கள். முதல் பக்கத்திலேயே பத்திரிகைத் துணுக்கு: மேரி டர்னர் என்ற வெள்ளைக்காரப் பெண் கொலை, வீட்டு வேலைக்காரன் கைது. அவன் பெயர் மோசஸ். மேரியும் கணவன் டிக்கும் எப்படி நொறுங்கினார்கள் என்று நாவல் அணு அணுவாகச் சொல்கிறது. மோசஸுக்குள் என்ன ஓடியது என்று சொல்லவே இல்லை. கறுப்பு மனிதன் கதவருகே நிற்கும் நிழலாகவே இருக்கிறான்.

நிலத்தையும் சேர்த்துப் பேச வேண்டும். 1930-இல் தெற்கு ரொடீஷியாவில் நிலப் பங்கீட்டுச் சட்டம் வந்தது. மக்கள்தொகையில் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே இருந்த வெள்ளையருக்கு நாட்டின் பாதி நிலம், அதிலும் நல்ல மண். மற்ற ஜனங்களுக்கு ஒதுக்கு நிலம். டெய்லர் குடும்பத்துப் பண்ணை எங்கிருந்து வந்தது? ஏழை வெள்ளைக்காரர், பாவம், மண்வீடு என்று நாம் உருகுகிறோம். அந்த மண்வீட்டிலும் சமையலுக்கு ஆள், வயலுக்கு ஆள் உண்டு. அவர்கள் வீட்டுக்குப் புத்தகப் பார்சல் வரவில்லை.

கார்த்திகைப்பூ:

இளவேனில், நிலம் பற்றி நீங்கள் சொன்னதில் ஒரு சொல்கூட மறுக்க மாட்டேன். நான் முதல் பதிவிலேயே எழுதியிருக்க வேண்டும்.

மோசஸ் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நில்லுங்கள். அந்த நாவல் பிறந்த இடம் தெரியுமா? பக்கத்துப் பண்ணையில் ஒரு வெள்ளைக்காரப் பெண். சமையல்காரரை விட்டுத் தன் கவுனுக்கு முதுகுப்பக்கம் பொத்தான் மாட்டச் சொல்கிறாள், தலை வாரச் சொல்கிறாள் என்று வராந்தாவில் பெரியவர்கள் பேசிக்கொண்டது இந்தச் சின்னப் பெண் காதில் விழுகிறது. என்ன தப்பு நடந்துவிட்டது என்று யாரும் விளக்கவில்லை. குரல் தணிந்ததை மட்டும் கவனித்திருக்கிறாள். பிறகு ஒரு கொலைச் செய்தியின் பத்திரிகைத் துணுக்கை வெட்டி வைத்துக்கொள்கிறாள். இரண்டும் சேர்ந்து நாவல்.

அதாவது வராந்தாவில் உட்கார்ந்த ஆளுக்கு எது கேட்குமோ அதுதான் நாவலில் இருக்கிறது. கடைசிப் பத்தியைத் திரும்பப் படியுங்கள். கொலை செய்துவிட்டு மோசஸ் மரத்தடியில் காத்திருக்கிறான். அவன் மனதில் வருத்தமா, இரக்கமா, அடிபட்ட பாசமா, பழிதீர்த்த நிறைவோடு அவையும் கலந்திருந்தனவா என்று சொல்ல முடியாது என்று எழுதி முடிக்கிறார். தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதவில்லை. அந்த வீட்டில் வளர்ந்தவர் அதற்கு மேல் எழுதியிருந்தால் அது பொய்யாகியிருக்கும்.

ஆனால் தலைப்பைப் பாருங்கள். எலியட்டின் 'பாழ்நிலம்' கவிதையிலிருந்து. ரொடீஷிய மண்ணில் நடந்த கதைக்குப் பெயர் வைக்க அப்போதும் லண்டன் பார்சல்தான் தேவைப்பட்டிருக்கிறது.

இளவேனில்:

கடைசிப் பத்தியை எடுத்துப் பார்த்தேன். நீங்கள் சொல்வது சரிதான், அந்த வரி இருக்கிறது. நான் அதை ஆசிரியரின் இயலாமை என்று படித்திருந்தேன். நேர்மை என்றும் படிக்கலாம். இருந்தும் மோசஸின் கதையை மோசஸ் வீட்டு ஆள் எழுதினால்தான் எனக்கு முழுசாகும்.

கார்த்திகைப்பூ:

இதில் எனக்கும் மறுபேச்சு இல்லை. லெஸ்ஸிங்குக்கும் இருந்திருக்காது. நோபல் உரையில் பாதி அதுதான். 80-களில் ஜிம்பாப்வேயில் ஒரு பள்ளிக்கூடம். தூசி பறக்கும் இடம். புத்தகம் இல்லை, தேசப்படம் இல்லை. ஆசிரியர்கள் புத்தகம் அனுப்புங்கள் என்று கெஞ்சுகிறார்கள். அங்கே எழுத வேண்டியவர்கள் எழுதாமல் போகிறார்களே என்பதுதான் அவர் துக்கம். முதுகுவலியால் ஸ்டாக்ஹோம் போக முடியவில்லை, அவருடைய பதிப்பாசிரியர்தான் அந்த உரையைப் படித்தார்.

மதியழகு:

இடையில் வருகிறேன். அரசியலை யாரும் தொடவில்லையே? போர்க்காலத்தில் சாலிஸ்பரிக்கு ஐரோப்பாவிலிருந்து அகதிகள் வந்தார்கள், பிரிட்டிஷ் விமானப்படைப் பயிற்சிக்கு இளைஞர்கள் வந்தார்கள். 'இடதுசாரிப் புத்தகக் கழகம்' என்று ஒரு சின்னக் கூட்டம். லெஸ்ஸிங்குக்கு அரசியல் பேச ஆள் கிடைத்தது அங்கேதான். நிறவெறியைப் பச்சையாகத் தவறு என்று சொன்னவர்கள் அந்த ஊர் வெள்ளையரில் அவர்கள் மட்டுமே. லண்டன் வந்து கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார், ஹங்கேரியில் சோவியத் டாங்குகள் நுழைந்த 1956-இல் வெளியேறினார். அதே 1956-இல்தான் தெற்கு ரொடீஷியாவும் தென்னாப்பிரிக்காவும் அவரை உள்ளே வரக்கூடாத ஆள் என்று அறிவித்தன. தன் ஊருக்குத் திரும்பிப் போக 1982 வரை காத்திருந்தார். நாடு அதற்குள் ஜிம்பாப்வே ஆகிவிட்டது.

நான் ஒரு கட்சியில் பதினோரு வருடம் இருந்து விலகியவன். 'கோல்டன் நோட்புக்'கில், கதாநாயகி தன் அரசியலை எழுதிவைக்கும் அந்தச் சிவப்பு நோட்டுப் பகுதி வரும்போது, கூட்டத்தில் எல்லோரும் ஒன்றைத் தெரிந்துகொண்டு ஒருவரும் சொல்லாமல் டீ குடிக்கும் இடம், எனக்குத் தெரிந்த அறை அது. நம்பிக்கை ஒரே நாளில் போவதில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். அதை இவ்வளவு சரியாக எழுதிய வேறு யாரையும் நான் படித்ததில்லை.

பிறகு 60-களில் சிம்லாவில் பிறந்த இத்ரீஸ் ஷாவின் நூல் வழியாக சூஃபி மார்க்கத்துக்குப் போனார். விண்வெளி நாவல்கள் எழுதினார். அந்தப் பகுதி எனக்கு ஒட்டவில்லை.

தெற்குக்காற்று:

82-ல திரும்பிப் போனதைப் பத்தி அவங்க எழுதின புத்தகத்தை (நாலு பயணம், அதுல ஒண்ணு இது) நான் ஹராரேலயே வாங்கினேன். பழைய வீடு இருந்த குன்றைப் பாக்கப் போகவா வேணாமான்னு தவிக்கிற இடம் ரொம்ப உண்மை. வீடு எப்பவோ போயிடுச்சு. மண்வீடுன்னா அப்படித்தான், ஆள் போனதும் கரையான் வந்துடும்.

ராகவி:

அந்த அம்மாவைப் பத்தி நீங்க எழுதினதை ரெண்டு தடவை படிச்சேன். 'பாவம் அம்மா'ன்னு தன்னையே சொல்லிக்கிற இடம். எங்க வீட்லயும் ஒரு பெரியம்மா அப்படித்தான் சொல்லுவாங்க, கட்டில்ல படுத்துக்கிட்டு. பி.எஸ்சி. படிச்சவங்க. கிராமத்துல குடுத்துட்டாங்க.

எண்பது வயசுக்கு மேல ஒப்புக்கிட்டாங்கன்னு சொன்னீங்களே, எங்க?

கார்த்திகைப்பூ:

'ஆல்ஃபிரட் அண்ட் எமிலி'. 2008-இல் வந்தது, அவருடைய கடைசிப் புத்தகம், அப்போது வயது 88.

ராகவி, அந்தப் புத்தகத்தை நீங்கள் அவசியம் படிக்க வேண்டும். இரண்டு பாதி. இரண்டாம் பாதியில் நடந்த வாழ்க்கை: பண்ணை, மரக்கால், நீரிழிவு, படுக்கை. முதல் பாதியில் நடக்காத வாழ்க்கை. அந்தக் கதையில் இங்கிலாந்துக்கு முதல் உலகப் போரே வரவில்லை. அப்பாவுக்கு இரண்டு காலும் இருக்கிறது. அவர் சின்ன வயதில் ஆசைப்பட்டபடி இங்கிலாந்திலேயே விவசாயி ஆகிறார், கிரிக்கெட் ஆடுகிறார், வேறொரு பெண்ணோடு நிம்மதியாக வாழ்கிறார். அம்மா தன் டாக்டரையே கல்யாணம் செய்துகொள்கிறார். அந்த டாக்டர் இறந்த பிறகு ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடங்கள் நடத்துகிறார். கெட்டிக்காரத்தனம் முழுக்க அதற்குச் செலவாகிறது.

ஆல்ஃபிரடும் எமிலியும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதனால் அந்தக் கதையில் டோரிஸ் பிறக்கவே இல்லை.

வாழ்நாள் முழுக்கச் சண்டை போட்ட அம்மாவுக்கு, தன்னை இல்லாமல் செய்து ஒரு நல்ல வாழ்க்கையை எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த முதல் பாதியைப் படித்து முடித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்த இழையைத் தொடங்கியதே அதனால்தான்.

பழைய வாசகர்:

இதை நான் படித்ததில்லை. 2005-இல் ஓய்வு பெற்றேன். அதற்குப் பிறகு வந்தவற்றை விட்டுவிட்டேன். வாங்கச் சொல்லியிருக்கிறேன்.

தேன்சிட்டு:

அண்ணா, அக்கா எல்லாருக்கும் வணக்கம். நான் இதுவரை அவங்க ஒரு வரிகூடப் படிச்சதில்லை. இவ்வளவு பேசறீங்க, தடிமன் புத்தகத்தைப் பாத்தா பயமா இருக்கு. சின்னதா ஒண்ணு சொல்லுங்க, அதுல ஆரம்பிக்கறேன். முடிஞ்சா கார்த்திகைப்பூ முதல்ல கேட்ட கேள்வி, புத்தகம் கண்ணை மறைச்சதா திறந்ததான்னு, அது வர்ற மாதிரி.

கார்த்திகைப்பூ:

'ஓல்ட் சீஃப் ம்ஷ்லாங்கா'. 1951-இல் வந்த தொகுப்பில் இருக்கும் சிறுகதை. ஒரே மூச்சில் படிக்கலாம். படித்துவிட்டு இங்கே வந்து எழுதுங்கள்.

இளவேனில்:

நானும் அதையே சொல்ல வந்தேன். என் நிலக் கேள்விக்கும் அதில் இடம் இருக்கிறது.

தேன்சிட்டு:

படிச்சிட்டேன். ரெண்டு தடவை. கதை தெரியாம படிக்கணும்னு நினைக்கறவங்க இந்தப் பதிவைத் தாண்டிப் போயிடுங்க.

வெள்ளைக்காரப் பண்ணையில ஒரு சின்னப் பொண்ணு. தோள்ல துப்பாக்கி, கூட ரெண்டு நாய். முன்னாடி இருக்கிறது சோளக்காடும் ம்சாசா மரமும். ஆனா அவ கண்ணுக்குத் தெரியறது புத்தகத்துல படிச்ச வில்லோ மரம், கோட்டை, சூனியக்காரி. அந்த ஊர் மரத்தோட பேரே அவளுக்கு அந்நியமா இருக்கு, பாத்தே இராத ஓக் மரம்தான் சொந்தமா இருக்கு. கார்த்திகைப்பூ கேட்டது அப்படியே இருக்கு. ஒண்ணு கவனிச்சேன். அந்தப் பகுதி வரைக்கும் 'அவள், அந்தச் சிறுமி'ன்னு போகுது. கொஞ்சம் தள்ளிப் போனதும் 'நான்'னு மாறிடுது. எங்க மாறுதுன்னு தேடிப் பாத்தேன். அந்த நிலம் அவளுக்கு நிஜமாத் தெரிய ஆரம்பிக்கிறப்பதான் அவ 'நான்' ஆகறா.

வழியில ஒரு கிழவரைப் பாக்கறா. அவர் ஒதுங்காம, மரியாதையா நின்னு வணக்கம் சொல்றார். அந்த ஜனங்களோட தலைவர். அவர் மகன்தான் இவங்க வீட்டுச் சமையல்காரர், அது இவங்களுக்குத் தெரியவே தெரியாது. இளவேனில் சொன்ன கதவருகே நிக்கிற நிழல். இங்க அந்த நிழலுக்கு அப்பா இருக்கார், ஊர் இருக்கு.

அப்புறம் அவர் ஜனங்களோட ஆடுங்க வயல்ல இறங்கிடுது. பொண்ணோட அப்பா இருபது ஆட்டைப் புடிச்சு வெச்சுக்கிட்டு, தர முடியாதுங்கறார். அதுங்க போனா எங்க ஜனங்க பட்டினின்னு கிழவர் சொல்றார். அப்பா மசியலை, போலீசுக்கு வேணா போன்னுடறார். கிழவர் திரும்பிப் போறப்ப ஒண்ணு சொல்றார். மகன் அதை மொழிபெயர்க்கிறார்: நீங்க உங்களோடதுன்னு சொல்ற இந்த நிலம் அவரோடது, எங்க ஜனங்களோடதுன்னு. சொல்லிட்டு மகனும் அப்பா கூடவே நடந்து போயிடறார். அடுத்து போலீஸ்காரர் வர்றார். அந்த ஊரையே கிளப்பி இருநூறு மைல் கிழக்கே ஒதுக்கு நிலத்துக்கு அனுப்பிடறாங்க.

ஒரு வருஷம் கழிச்சு அந்தப் பொண்ணு தனியா அங்க போறா. வீடு நின்ன இடத்துல செம்மண் மேடு. மக்கிப்போன கூரைப் புல்லுக்குள்ள கரையான் செவப்பா வழி போட்டிருக்கு. யாரும் இல்லை. பூசணிக்கொடி மட்டும் கட்டுக்கடங்காமப் படர்ந்து புதர் மேல ஏறி, மரக்கிளை மேல ஏறி, அங்கங்க காய் தொங்குது. அடுத்து இந்த நிலம் கிடைக்கப் போற வெள்ளைக்காரருக்கு, இந்த இடத்துல மட்டும் சோளம் ஏன் இவ்வளவு உசரமா வளருதுன்னு புரியாதுன்னு அவ நினைக்கிறா.